சபை ஸ்கூலில் வேலை: ஒரு கணக்குக் கிளார்க்கின் மதிப்பீடு

வேலை செய்யும் இடம் என்று பார்த்தால் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்டால் நாலு. ஸ்கூலின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த மாதிரி ஸ்கூல்கள் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று மலையகத்து டவுன்களில் ஒன்றிரண்டாவது இருக்கின்றன, நான் சொல்வதில் பாதி அங்கேயும் பொருந்தும். பெயரைப் போட்டால் ஆட்கள் பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவார்கள், விஷயம் போய்விடும்.

நான் லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். ஏ.எல். கொமர்ஸ் செய்துவிட்டு டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது இந்த வேலை வந்தது. வீட்டில் எல்லோரும் சைவம். ஸ்கூலை நடத்துவது ஒரு கிறிஸ்தவ சபை. இங்கிலிஷ் மீடியம், நர்சரி முதல் ஓ.எல். வரை. ஆனால் காகிதத்தில் அது 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிந்த ஒரு கம்பனி. இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று போர்டு போட்டவை பெரும்பாலும் அப்படித்தான். மிஷன் ஸ்கூல் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபீஸ் வாங்குவது, சம்பளப் பட்டியல் போடுவது, மாதாமாதம் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) சி படிவம் நிரப்புவது, கடிதம் டைப் பண்ணுவது எல்லாம் என் வேலை. டீச்சர்மார் பார்க்காத காகிதங்கள் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அதனால் நான் எழுதுவதில் வகுப்பறையைவிடச் சம்பளப் பட்டியல்தான் கூட வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன். விண்ணப்பப் படிவம் நாலு பக்கம். மூன்றாம் பக்கம் முழுக்க மதம். எந்தச் சபை, ஞானஸ்நானம் எடுத்த வருஷம், ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காகப் போகிறீர்களா, போதகரின் சிபாரிசுக் கடிதம் இருக்கிறதா. நான் அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். அப்போது ப்ரின்சிபலாக இருந்தவர் அரசாங்கப் பாடசாலை அதிபராக இருந்து பென்ஷன் எடுத்தவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"கோடு வேணாம் பிள்ள. சைவம்னே எழுதுங்க. ஒளிச்சு வச்சு வேலைக்கு வர்ற எடம் இல்ல இது."

எழுதினேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

டீச்சர்மாருக்கு விதி வேறு. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் வகுப்பாசிரியர்கள் விசுவாசிகளாக இருக்க வேண்டும், ஏனென்றால் காலை ஜெபமும் வேத பாடமும் அவர்கள் கையில். மேல் வகுப்புகளில் கணிதம், விஞ்ஞானம், சிங்களம் எல்லாவற்றுக்கும் யாரும் வரலாம். சைவர்கள் இருந்தார்கள், ஒரு முஸ்லிம் ஆசிரியரும் இருந்தார். இதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வேதம் படிப்பிக்க வருகிறவர் வேதத்தை நம்புகிறவராக இருக்க வேண்டும் என்று சபை கேட்பது அவர்கள் உரிமை. இலங்கை 1998-இல் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழில் அமைப்பின் 111-ஆம் சமவாயமும் அதற்கு இடம் விடுகிறது. வேலையில் மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது, ஆனால் அந்தக் குறிப்பிட்ட வேலைக்கே அது அவசியம் என்றால் அது பாகுபாடு ஆகாது. நல்ல கோடு. கேள்வி, அந்தக் கோட்டை எந்த வேலையோடு நிறுத்துவது என்பதுதான். ஒரு தடவை வேன் ஓட்டுவதற்கு ஆள் தேவை என்று நோட்டீஸ் டைப் பண்ணச் சொன்னார்கள். முதல் தகுதி 'இரட்சிக்கப்பட்டவர்', இரண்டாவது தகுதி கனரக வாகன லைசன்ஸ். ரம்பொடை வளைவில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவருக்கு எதை முதலில் கேட்க வேண்டும் என்று ப்ரின்சிபலே சிரித்துவிட்டு வரிசையை மாற்றினார். கடைசியில் வந்த டிரைவர் பௌத்தர். இன்றைக்கும் அவர்தான் ஓட்டுகிறார்.

காலை 7.20-க்கு ஸ்டாஃப் டிவோஷன். ஒரு பாட்டு, ஒரு வசனம், ஜெபம், இருபது நிமிஷம். ஆபீஸ், ஆயா, வோச்சர் (காவலாளி) எல்லோரும் நிற்க வேண்டும். எனக்கு அது தொந்தரவாகவே இருந்ததில்லை, பாட்டெல்லாம் நன்றாகப் பாடுவார்கள். ஆனால் லேப் உதவியாளர் தம்பிக்கு விருப்பம் இல்லை. அவர் 7.40-க்கு வருவார். வரவு இடாப்பு 7.20-க்கு மூடப்படும். மூன்று லேட் மார்க் சேர்ந்தால் அரை நாள் லீவு வெட்டு. அதாவது ஜெபத்துக்கு வராததற்குச் சம்பளத்தில் கை வைக்கிறார்கள், ஆனால் பட்டியலில் அது 'தாமதம்' என்று இருக்கும். பழைய ப்ரின்சிபல் இதைக் கவனித்து, விரும்பாதவர்கள் 7.40-க்குக் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு துண்டுக் கடிதம் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்றதும் அந்தத் துண்டுக் கடிதம் காணாமல் போய்விட்டது. இப்போது இருக்கும் நிர்வாகத்துக்கு நான் சொல்வது சின்ன விஷயம்தான். டிவோஷன் வேலை நேரம் என்றால் அதையும் வேலை நேரமாகக் கணக்கிடுங்கள். விருப்பம் என்றால் லேட் மார்க் போடாதீர்கள்.

பொட்டு, திருநீறு பற்றி எல்லோரும் கேட்பார்கள். என்னை யாரும் அழி என்று சொன்னதில்லை. புதிதாக வந்த நிர்வாக அதிகாரி ஒரு தடவை மட்டும், முன் கவுண்டரில் இருப்பவர்கள் மதச் சின்னங்களைத் தவிர்க்க வேண்டும் என்று சுற்றறிக்கை போட்டார். அதை டைப் பண்ணியது நான், நெற்றியில் திருநீற்றோடு. அடுத்த நாள் தவணைக் கட்டணம் கட்டும் நாள். கவுண்டருக்கு வெளியே வரிசையில் நின்ற அம்மாமாரில் பாதிப் பேர் பொட்டோடும் கோயில் கயிறோடும் நின்றார்கள், எல்லோர் கையிலும் காசு. சுற்றறிக்கை நோட்டீஸ் போர்டில் கொஞ்ச நாள் தொங்கியது, அப்புறம் அதன் மேல் விளையாட்டுப் போட்டி அறிவித்தல் ஒட்டினார்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும், அது நிறைய இருக்கிறது. சாதி கேட்கிற பேச்சு அங்கே அறவே இல்லை. இது மலையகத்தில் சின்ன விஷயம் இல்லை. ஸ்டாஃப் பிள்ளைகளுக்குப் பாதி ஃபீஸ், மதம் பார்க்காமல். கிறிஸ்மஸ் போனஸ் அரை மாதச் சம்பளம், அதுவும் மதம் பார்க்காமல். தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் வாங்கிப் பழகின எங்களுக்கு டிசம்பரில் காசு வந்து என்ன செய்ய என்று நாங்கள் நாலைந்து பேர் போய்க் கேட்டோம். "அது நியாயம்தானே" என்று சொல்லி அதே காசை ஒக்டோபரிலேயே முற்பணமாகத் தர ஏற்பாடு செய்தார்கள். 2022-இல் கேஸ் இல்லை, டீசல் இல்லை, ஸ்கூல் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த வருஷம் முழுக்க 25-ஆம் தேதி சம்பளம் தவறியதில்லை. அரிசியும் பருப்பும் மாவும் பார்சல் கட்டி எல்லோர் வீட்டுக்கும் கொடுத்தார்கள், வோச்சர் வீட்டுக்கு இரண்டு. அம்மா இறந்தபோது பாஸ்டர் ஐயா தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, மழையில், வாசலில் போட்ட பெஞ்சில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டார், மாமா வேண்டாம் என்றார், சரி என்று பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார். கேட்டதும் சரி, போனதும் சரி.

இனிச் சம்பளம். என் மூன்று மார்க் இரண்டாக இறங்கி மறுபடி மூன்றாக ஏறிய கதை இதில்தான் இருக்கிறது.

ஒரு டிப்ளோமா டீச்சரின் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் அது இரண்டு துண்டாக இருக்கும்: அடிப்படைச் சம்பளம் 22,000, 'ஊழியக் கொடுப்பனவு' 18,000. ஈ.பி.எஃப். கணக்கு 22,000-க்கு மட்டும். தொழிலாளி பங்கு 8 வீதம், 1,760. நிர்வாகத்தின் பங்கு 12 வீதம், 2,640. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி), அதுவும் நிர்வாகம் கட்டுவது, 3 வீதம், 660. முழுச் சம்பளத்துக்குப் போட்டிருந்தால் நிர்வாகம் 4,800-உம் 1,200-உம் கட்டியிருக்க வேண்டும். ஆளுக்கு மாதம் 2,700 மிச்சம், வருஷத்துக்கு 32,400. பணிக்கொடைக் கணக்கிலும் இதே கைதான். 1983-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டப்படி வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்து. 22,000-ஐ வைத்தால் பத்து வருஷத்துக்கு 110,000. 40,000 என்றால் 200,000. தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போடுவார்கள். இங்கே நிறை குறையவில்லை, ஆனாலும் அரைப்பேர்.

யாரும் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். "இது வெறும் வேலை இல்ல, ஊழியம். கர்த்தர் கணக்கு வச்சிருக்கார்" என்று பதில் வந்தது. கர்த்தர் வைத்திருக்கும் கணக்கைப் பற்றி எனக்குத் தெரியாது. மத்திய வங்கியில் இருக்கும் கணக்கு எனக்குத் தெரியும், அதில் குறைவாகத்தான் இருந்தது.

இன்னொரு வெட்டு இருந்தது, அது எங்களுக்கு இல்லை. சபைக்காரர்களின் சம்பளத்திலிருந்து தசமபாகம், அதாவது சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு, பட்டியலிலேயே கழியும். 40,000-க்கு 4,000. சேரும்போது கையெழுத்து வாங்கும் காகிதக் கட்டில் அதற்கும் ஒரு தாள் இருக்கும். ஆக, ஒரே தகைமை, ஒரே டைம்டேபிள், பக்கத்துப் பக்கத்து வகுப்பு. சைவக்காரக் கணித டீச்சர் கையில் 38,240. விசுவாசி இங்கிலிஷ் டீச்சர் கையில் 34,240. வெளியில் இருப்பவர்கள் என்னிடம், "அங்க உங்க ஆளுங்களை ஒதுக்கி வைப்பாங்களாமே" என்று கேட்கும்போது இந்த இரண்டு எண்ணைத்தான் சொல்வேன். மதம் பார்க்கிற ஸ்கூலில் வேற்று மதத்தவருக்குத்தான் கஷ்டம் என்பது பொதுவான நினைப்பு. நான் பார்த்த வரைக்கும், கூடுதலாக அகப்பட்டுக்கொண்டவர்கள் அவர்களுடைய சொந்த ஆட்கள்தான். எங்களிடம் வேலையை மட்டும் கேட்டார்கள். அவர்களிடம் ஞாயிற்றுக்கிழமையையும் கேட்டார்கள், கல்யாணத்தையும் கேட்டார்கள். ஒரு டீச்சர் கணவருக்குச் சுகமில்லை, இரண்டு மாதம் தசமபாகத்தை நிறுத்துங்கள் என்று எழுதிக் கொடுத்தார். நிறுத்தினார்கள். ஆனால் அதற்கு முன்னால் பாஸ்டரம்மாவிடம் 'ஆலோசனைக்கு' போய் உட்கார வேண்டியிருந்தது. ஒரு படிவத்தில் டிக் போட்டால் முடிகிற விஷயம்.

நர்சரி டீச்சர் ஒருவர் ஒரு சைவப் பையனைப் பதிவுத் திருமணம் செய்தார். ஒப்பந்தத்தில் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. வாயால்தான் சொன்னார்கள், நீங்களாக விலகினால் மரியாதை என்று. அவரும் விலகினார். ராஜினாமாக் கடிதத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதச் சொன்னார்கள். நீங்களாக விலகிய மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டால், என்னை நிறுத்தினார்கள் என்று அப்புறம் போய் நிரூபிப்பது பெரும் பாடு. இப்படி ஒரு விதி வைத்திருக்கிறீர்கள் என்றால் ஒப்பந்தத்தில் அச்சடியுங்கள், படித்துவிட்டுச் சேர்கிறவர்கள் சேரட்டும். எழுத வெட்கமாக இருக்கிறது என்றால் அதை ஏன் வைத்திருக்க வேண்டும்?

இங்கிலிஷ் டீச்சரின் விஷயம் அதைவிடப் பெரியது. வருஷ ஒப்பந்தம், ஒவ்வொரு டிசம்பரிலும் புதுப்பிப்பார்கள். எட்டு வருஷம் அப்படியே போனது. ஓ.எல். ரிசல்ட்டுக்கு அவர்தான் முதுகெலும்பு. அவர் சபையை விட்டு, கணவர் வீட்டார் போகும் மெதடிஸ்ட் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். அந்த டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குற்றம் என்று ஒன்றும் எழுதவில்லை. 'காலம் முடிவடைந்தது', அவ்வளவுதான். மதம்கூட மாறவில்லை அவர், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறும் திசைதான் மாறியது.

அந்தச் சமயம் அமெரிக்காவிலிருந்து சபையின் நண்பர் ஒருவர் வந்திருந்தார். ஆபீஸில் உட்கார்ந்து, எங்கள் நாட்டில் கோர்ட் இதற்குள் வரவே வராது என்று தைரியம் சொன்னார். பொய் சொல்லவில்லை. அங்கே 2012-இல் ஹொசன்னா-டேபர் லூத்தரன் பள்ளி வழக்கிலும், 2020-இல் கலிபோர்னியாவின் இரண்டு கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகளின் வழக்கிலும் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்த்தது. விசுவாசத்தைப் படிப்பிக்கும் பொறுப்புள்ள ஆசிரியரை வைப்பதா விடுவதா என்பதை மத நிறுவனமே முடிவு செய்யும், பாகுபாட்டுச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது. 2020 வழக்கில் ஒரு ஆசிரியை வயதைக் காரணம் சொன்னார், மற்றவருக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டுமே மதத்தைப் பற்றிய வழக்குகூட இல்லை, ஆனாலும் கதவு மூடிவிட்டது. ஆனால் அது அவர்கள் அரசியலமைப்பின் முதலாம் திருத்தத்தில் நிற்கும் விஷயம். அந்த நண்பர் விமானம் ஏறியதும் அதுவும் கூடவே ஏறிவிட்டது.

நம்முடைய நிலைமையை இங்கிலிஷ் டீச்சருக்கு ஹட்டனில் ஒரு சட்டத்தரணி விளக்கியபோது நானும் கூட இருந்தேன். அரசியலமைப்பின் 10-ஆம் உறுப்புரை மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் முழுச் சுதந்திரம் தருகிறது, விரும்பிய மதத்தை ஏற்கிற சுதந்திரம் உட்பட. 12(2) மதத்தால் பாரபட்சம் கூடாது என்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 126-ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போவது அரசின் நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான், அதுவும் ஒரு மாதத்துக்குள். கம்பனி நடத்தும் ஸ்கூல் அரசு இல்லை. 12(3)-இல் கடை, ஹோட்டல், பொது உணவகம், தன் மதத்து வழிபாட்டிடம் எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன, மதத்தைக் காட்டி அங்கே உள்ளே விடாமல் தடுக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் வேலைத்தளம் இல்லை. டீ குடிக்க உள்ளே விட வேண்டும், டீ போடுகிற வேலைக்கு எடுப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, டீச்சருக்கு வரவில்லை.

"அந்த வழிய விடுங்க" என்றார் சட்டத்தரணி. "மதத்த ஒரு பக்கம் வைங்க மிஸ். உங்கள வேலைய விட்டு நிறுத்திருக்காங்க. அது மட்டும் போதும்."

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31பி பிரிவு. தனியார் ஸ்கூல் டீச்சரும் அதற்குள் வருவார். இங்கே நிர்வாகத்துக்குக் காலாவதியான ஒப்பந்தம் ஒரு கேடயம். ஆனால் எட்டு ஒப்பந்தங்களையும் மேசையில் வரிசையாக வைத்தபோது, தேதியைத் தவிர எட்டும் ஒன்றுதான். எழுத்துப் பிழைகூட எட்டிலும் அதே இடத்தில் இருந்தது. தீர்ப்பு வரை போகவில்லை, சமரசம் வந்தது. கிட்டத்தட்ட பத்து மாதச் சம்பளம். டீச்சர் இப்போது கண்டிப் பக்கம் படிப்பிக்கிறார்.

அதற்குப் பிறகு யாரோ தொழில் அலுவலகத்துக்கு ஈ.பி.எஃப். பற்றிப் பெயர் போடாத கடிதம் எழுதினார்கள். என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள், நான் இல்லை, ஆனால் எழுதியவருக்கு ஒரு கும்பிடு. தொழில் அதிகாரி வந்து மூன்று வருஷத்துப் பட்டியலைக் கேட்டார். நிர்வாகம், இது மத அறப்பணி நிறுவனம், விலக்கு உண்டு என்றது. அறப்பணி நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்தால்தான். "இடாப்புல ஐம்பதுக்கு மேல இருக்கே சேர்" என்று அதிகாரி பக்கத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். ஊழியக் கொடுப்பனவு என்ற பத்தியின் மேல் விரலை வைத்து, இது ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையாக வருகிறதா என்று மட்டும் கேட்டார். வருகிறது என்றேன். முடிந்தது. நிலுவையும் தாமதத்துக்கான மேலதிகக் கட்டணமும் கட்டினார்கள். அது 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரைக்கும் ஏறும், அதனால் பழைய பாக்கி எப்போதும் வலிக்கும். அடுத்த மாதத்திலிருந்து சம்பளம் ஒரே தொகை. ஆயாமாரின் 18,000 ரூபாய் மாதச் சம்பளமும் இப்போது கூடியிருக்கிறது, 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 27,000 ஆனதால் வேறு வழியும் இல்லை. அதற்கு முன்னால் ஓர் ஆயா என்னிடம், மலையில் நாளுக்கு 1,350 படி இருபது நாள் பேர் விழுந்தாலே 27,000, இங்கே கூரை இருக்கிறது என்பதற்காக 9,000 விட்டுக்கொடுக்கிறேன் என்று கணக்குச் சொல்வார். என்னைவிட நன்றாகக் கணக்குத் தெரிந்தவர்.

பழைய மிஷன் ஸ்கூல்களோடு ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961-ஆம் ஆண்டின் 8-ஆம் இலக்கச் சட்டத்தாலும் உதவி பெற்ற மதப் பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்துக்குப் போயின. மெதடிஸ்ட் மிஷன் தொடங்கிய ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரி இன்று தேசிய பாடசாலை. 1872-இல் தொடங்கிய கண்டி திரித்துவக் கல்லூரி மாதிரிச் சில மட்டும் தனியாராக நின்றன. பழைய ப்ரின்சிபலின் அப்பா மிஷன் பாடசாலை வாத்தியார். "மேனேஜர் ஒரு துண்டு எழுதினா அப்பாவுக்கு வேலை போயிரும். அறுபத்தொண்டுக்கு அப்புறம் மிஞ்சிப் போனா ட்ரான்ஸ்ஃபர்தான்" என்பார். சபைக்கு அது இழப்பு, வாத்தியாருக்கு அது பென்ஷன். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தவர் என்பதால்தான் அவர் அப்படி இருந்தார் என்று நினைக்கிறேன்.

சைவக்காரி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், சபைக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. 2018-இல் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வருவதை எதிர்த்து ஆர்ப்பாட்டம் நடந்தது, 2022-இல் மறுபடி பிரச்சினை. பாடசாலையின் பாரம்பரியம் என்று நம் ஆட்கள் சொன்ன வாதத்துக்கும் கவுண்டரில் திருநீறு வேண்டாம் என்ற சுற்றறிக்கைக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. அது அரசாங்கப் பாடசாலை, அதனால் அந்த ஆசிரியைகள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றத்துக்கும் போக வழி இருந்தது. எங்களைப் போன்ற கம்பனி ஸ்கூல் ஆட்களுக்கு அந்தக் கதவு இல்லை, தொழில் சட்டம் ஒன்றுதான் கை கொடுக்கும்.

சேர நினைப்பவர்கள், முக்கியமாகச் சபைப் பிள்ளைகள், கையெழுத்துப் போடும் முன் காகிதக் கட்டு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். தசமபாகத் தாளில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தம் வருஷா வருஷம் என்றால் ஒவ்வொரு பிரதியையும் வைத்திருங்கள். ஈ.பி.எஃப். அங்கத்தவர் அட்டையான பி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். யாராவது 'சொந்தக் காரணம்' என்று எழுதச் சொன்னால் அன்றைக்கே எழுதாதீர்கள். சைவ, முஸ்லிம் ஆட்கள் பயப்படாமல் போகலாம், மேல் வகுப்புக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் எப்போதும் ஆள் தேவைதான், 7.20 விஷயத்தை மட்டும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நான் இப்போது நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் கணக்குப் பார்க்கிறேன். மகள் இன்னும் அங்கேதான் படிக்கிறாள், நன்றாகப் படிப்பிக்கிறார்கள், அதனால்தான் அந்த நாலு மார்க். ஸ்டாஃப் சலுகை போய்விட்டதால் முழு ஃபீஸ் கட்டுகிறேன். இந்தத் தவணை ரசீதில் 'கட்டட நிதி அன்பளிப்பு' என்று ஒரு புது வரி வந்திருக்கிறது. அன்பளிப்பு என்றால் கட்டாவிட்டால் பரவாயில்லையா என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் மார்க்கை மாற்றுகிறேன்.